சுவரில் இறங்கிய விலை

பை தைக்கும் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் அன்று யாரும் சாப்பாட்டைத் தொடவில்லை. சுவரில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் புரொஜெக்டர் காட்டிய இரண்டே எண்கள். பச்சையில் இருந்தது இவர்கள் ஆலை கேட்கும் விலை. சிவப்பில் இருந்தது வேறு ஏதோ நாட்டிலிருக்கும் போட்டி ஆலையின் விலை. பெயர், முகவரி எதுவும் கிடையாது. சிவப்பு இறங்க இறங்க, ஜிப் தைப்பவர்கள், வார் தைப்பவர்கள், நூல் வெட்டுபவர்கள் எல்லோரும் அதையே வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

மேலாளருக்கு அங்கே ‘நம்மாளு’ என்று பெயர். இதே ஆலையில் துணிக்கட்டு தூக்கித் தொடங்கியவர். வாயைத் திறந்தால் “நானும் உங்க ஆளுதானே” என்பார். அன்று குரல் வேறு தழுதழுத்தது.

“இன்டர்நெட்ல ஏலம் நடக்குது. குறைச்சுக் கேக்கறவங்களுக்குத்தான் ஆர்டர். கூலியில கொஞ்சம் விட்டுக்கொடுத்தா நாம ஜெயிச்சிடலாம். இல்லன்னா வேலை வெளிநாட்டுக்குப் போயிடும். நம்ம நாட்டு மானமே உங்க கையிலதான் இருக்கு.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் கூடவே உட்கார்ந்து சாப்பிட்ட ஓநாய் மீது யாருக்குச் சந்தேகம் வரும்? ஜிப் வரிசையின் தலைவிக்கு வரவில்லை. ஆலை முழுக்க அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடும். நம்மாளு கையில் காசில்லாமல் திரிந்த காலத்தில் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தவள் அவள். எழுந்து நின்று, விட்டுக்கொடுப்போம் என்றாள்.

அவளுடைய கூடப்பிறந்த தங்கைதான் முரண்டு பிடித்தாள். அவளும் அதே வரிசையில் தைப்பவள். புருஷன் விட்டுப் போனபின் பிள்ளைகளை ஒற்றையாளாக வளர்ப்பவள்.

“இப்ப வாங்கறதே வாய்க்கும் வயித்துக்கும் பத்தல. இதையும் குறைச்சா பிள்ளைங்களுக்கு என்னக்கா போடுவேன்?”

“ஆலையே போயிட்டா என்னடி போடுவ? அவர் பொய் சொல்லமாட்டார். நான் சொல்றேன்ல, உக்காரு.”

தங்கை உட்கார்ந்தாள். மற்றவர்களும் சரியென்றார்கள். பச்சை சிவப்புக்குக் கீழே போய் நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று கூடமே கைதட்டியது. வயிற்றில் அடித்துக்கொண்டதற்குக் கைதட்டிய கூட்டம் உலகத்தில் வேறெங்காவது உண்டா தெரியவில்லை.

நன்றி சொல்லலாமென்று அக்கா ஒரு டம்ளர் டீயோடு நம்மாளு அறைக்குப் போனாள். அவர் வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருந்தார். மேசைமேல் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. திரையில் இன்னொரு சாப்பாட்டுக் கூடம். முன்பின் பார்த்திராத பெண்கள், ஆனால் இவள் போட்டிருக்கும் அதே நீலக் கோட்டு, கோட்டுப் பையில் அதே ஆலை முத்திரை. அவர்களுக்குப் பின்னால் சுவரில் அதே இரண்டு எண்கள். அங்கே இவர்கள் விலை சிவப்பில் இருந்தது. ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நம்மாளு உள்ளே வந்தார்.

“யாரு இவங்க?”

“நம்ம இன்னொரு யூனிட்தான்க்கா. முதலாளி ஒருத்தர்தான்.”

“அப்ப அந்த ஏலம்?”

“ஆர்டர் போன மாசமே பழைய விலைக்கு வந்தாச்சு. எந்த யூனிட் கூலியைக் குறைக்குதோ அங்க வேலையக் கொடுப்போம்னு முதலாளி சொல்லிட்டார். போட்டி இருக்குன்னேன், இருந்துச்சுல்ல? இதுல என்ன பொய்?” குரலைத் தாழ்த்தினார். “உங்க கூலி மட்டும் குறையாதுக்கா. நான் பாத்துக்கறேன்.”

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு, கழுத்துக்கு மருந்தும் தருகிறானாம்! அங்கேயும் ஒரு ‘நம்மாளு’ இதே தழுதழுத்த குரலில் நாட்டு மானத்தைப் பேசியிருப்பான். அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொண்டுபோன டீயைத் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கூடத்தில் எல்லோரிடமும் ஒன்றுவிடாமல் சொன்னாள், தனக்குக் காட்டிய ஆசை உட்பட. கூச்சலும் சாபமுமாகப் பாதிப்பேர் நம்மாளு அறைக்கு ஓடினார்கள். தங்கை மட்டும் இருந்த இடத்திலேயே சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“என்னை ஏமாத்திட்டான்டி.”

“அவன் பொய் சொல்றான்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா,” என்றாள் தங்கை, நிமிராமலே. “நீ சொன்னியேன்னுதான் உக்காந்தேன்.”