எய்ம் அசிஸ்ட்டை அணைத்தவள்

ரோபோக்களைச் சுடுவதில் அந்த வீட்டில் அண்ணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாண்டுவால் இதைத்தான் தாங்க முடியவில்லை.

வாண்டு என்பது சின்ன வயதில் அண்ணன் வைத்த பெயர். வளர்ந்து, கடைகளுக்குப் பெயர்ப்பலகை வடிவமைக்கும் வேலைக்குப் போன பிறகும் அது அவளை விடவில்லை. அவள் குடியிருந்த அறையில் கூரை ஒழுகி, வீட்டுக்காரர் இடித்துப் போட்டிருந்ததால் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை. யார் தட்டித் தடவியும் அகப்படாத நரம்புகூட அண்ணி வந்து நின்றால் தானாக எழும்பி வரும் என்று அங்கே பேச்சு.

சாயங்காலம் ஆனால் மூன்று பேரும் டிவி முன்னால் கன்ட்ரோலரும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். பாழடைந்த தொழிற்சாலைக்குள் கிறுக்குப் பிடித்த ரோபோக்கள். திரை ஆளுக்கொரு பகுதியாகப் பிரிந்திருக்கும். அவை நம்மைப் பிடிப்பதற்குள் நாம் சுட வேண்டும், அதிகம் சுட்டவர் ஜெயித்தவர். அண்ணன் ஆடினால் திரையில் அவனுடைய ஆள் ஆட்டம் முடியும்வரை வானத்தைப் பார்த்தபடியே நடப்பான். வாண்டு கல்லூரி நாளிலிருந்து இந்த மாதிரி ஆட்டங்களில் ஊறினவள். நாக்கைக் கடித்து, மூச்சைப் பிடித்துக் குறிபார்ப்பாள். அண்ணியோ போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தன் அக்காவிடம் யாரோ ஒருவரின் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒவ்வொரு ரோபோவாகச் சாய்ப்பாள்.

"நீ ரொம்ப யோசிக்கிற வாண்டு. கை போற போக்குல விடு" என்று அறிவுரை வேறு.

ஒரு நாள் அண்ணி குளிக்கப் போன சமயம் வாண்டு அவளுடைய செட்டிங்கைத் திறந்து பார்த்தாள். எய்ம் அசிஸ்ட் உச்சத்தில் இருந்தது. துப்பாக்கி முனை எதிரியின் பக்கத்தில் வந்தாலே போதும், ஆட்டமே அதை இழுத்து எதிரி மேல் ஒட்டவைத்துவிடும். விளையாட்டை வாங்கினபோதே அப்படித்தான் இருந்தது. அண்ணி அந்தப் பக்கமே போனதில்லை. வாண்டு தன்னுடையதை முதல் நாளே கௌரவமாக அணைத்து வைத்திருந்தாள்.

"அதானே பார்த்தேன்!" என்று அண்ணியுடையதையும் அணைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். பொத்தானைப் பிடித்திருக்கும்வரை மட்டும் குறிபார்ப்பது என்று இருந்ததை, ஒரு தடவை அழுத்தினால் குறிபார்த்தபடியே நிற்பது என்றும் மாற்றி வைத்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணியின் குண்டுகள் சுவரில் பாய்ந்தன, பீப்பாயில் பாய்ந்தன, அண்ணன் முதுகில் பாய்ந்தன. துப்பாக்கியைக் கண்ணிலிருந்து இறக்கத் தெரியாமல் தூண் தூணாக முட்டிக்கொண்டு நின்றாள். வாண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஜெயிப்பது ருசியாக இருந்தது. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று போயிற்று.

அண்ணி சிரிக்கவில்லை. கன்ட்ரோலரை வைத்துவிட்டு விரல்களை விளக்கு வெளிச்சத்தில் நீட்டி நீட்டிப் பார்த்தாள். காபியை நிறுத்தினாள். கண் டாக்டரிடம் போனாள். கண் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னது அவளை இன்னும் பயமுறுத்தியது.

"அப்போ கைதான்" என்றாள் அண்ணனிடம். "இன்னிக்கு நான் யாருக்கும் ஊசி போடலங்க. கூட இருக்கிற பொண்ணுகிட்ட விட்டுட்டேன். பாவம், ஒரு ஆளுக்கு நாலு இடத்துல குத்துறா."

"ஏம்மா, ஒரு விளையாட்டுல தோத்ததுக்கு யாராவது வேலைய விடுவாங்களா?"

"விளையாட்டு யாருக்கு வேணும்? யார் கையிலயாவது குத்தி நரம்பு தப்பிருச்சுன்னா? மேனேஜர்கிட்ட பேசிட்டேன். இனிமே ரிசப்ஷன்ல உக்காந்து டோக்கன் குடுக்கிறேன்."

வாண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். ராவோடு ராவாக எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தாள். பிரயோஜனமில்லை, அண்ணி கன்ட்ரோலரைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். உண்மையைச் சொல்லலாம் என்றால் வாய் வரவில்லை. கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. அண்ணியின் கை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளுக்கே காட்டிவிட வேண்டும். அதற்கு ஒரு கை வேண்டும்.

ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போகிறவள் வாண்டு. அவள்தான் மறுநாள் காலை வெறும் வயிற்றோடு பரிசோதனை நிலையத்தில் போய் நின்றாள்.

"ரத்தம் எடுக்கணும். உங்க கையாலதான் எடுக்கணும்."

டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கென்ன, காய்ச்சலா? போ, அந்தப் பொண்ணுகிட்ட உக்காரு."

"அவங்க நாலு இடத்துல குத்துவாங்களாமே!" என்று வாண்டு சத்தமாகக் கேட்டாள். வரிசையில் இருந்த அத்தனை பேரும் தங்கள் முழங்கையை மூடிக்கொண்டார்கள். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

நாற்காலி. ரப்பர் பட்டை. பஞ்சின் ஜில்லிப்பு. அண்ணி ஊசியின் மூடியைக் கழற்றி ஒரு கணம் தயங்கினாள். அந்த ஒரு கணத்தில் வாண்டு ஊசியைப் பார்த்துவிட்டாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அலறினாள்.

"நான்தான் அண்ணி அணைச்சேன்!"

"எதை?"

"எய்ம் அசிஸ்ட்டை! அது இருந்தா துப்பாக்கி தானா போய் ஒட்டிக்கும். உங்களுக்குத் தெரியாம நான்தான் அணைச்சு வச்சேன். உங்க கைக்கு ஒண்ணும் இல்ல அண்ணி!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அண்ணியின் குரல் மட்டும் நிதானமாக வந்தது. "அப்போ இத்தனை நாளா ரோபோவைச் சுட்டது நான் இல்லையா?"

"நீங்கதான் அண்ணி. பாதி மெஷின்."

"பாதியா?"

"முக்கால்வாசி."

"சரி. கண்ணைத் தொற. முடிஞ்சிருச்சு."

வாண்டு கண்ணைத் திறந்தாள். சின்னக் குழாயில் ரத்தம் நிறைந்திருந்தது. எப்போது குத்தினாள் என்றே தெரியவில்லை. அண்ணி பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தாள். கொஞ்சம் வேண்டுமென்றே அழுத்தினாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதியும் இருந்தது. பின்னால் வரிசையிலிருந்த பெரியவர் டோக்கனை ஆட்டினார்.

"அம்மா, எனக்கும் நீங்களே எடுத்துடுங்க. மெஷினோ என்னமோ, எனக்கு வலிக்காம இருந்தா போதும்."

அண்ணி அன்று வரிசை முழுவதையும் முடித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனாள்.

சாயங்காலம் அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தான். வாண்டு தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே ரெண்டு பேரும் அசிஸ்ட் இல்லாமலே ஆடலாம் அண்ணி, நியாயமா இருக்கும்" என்றாள்.

"எதுக்கு? நான் நாள் முழுக்கக் குறிபார்த்துட்டு வரேன். இங்கயாவது யாராவது எனக்காகப் பார்க்கட்டும். முழுசாப் போடு. உனக்கும் போடு."

"எனக்கு வேணாம் அண்ணி. எனக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு."

"உன் கௌரவத்தை நான் காலையில பார்த்தேன். போடு."

வாண்டு போட்டாள். துப்பாக்கி முனை ரோபோவின் மேல் பசை மாதிரி ஒட்டியது. வெட்கமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. ஆனால் அவள் ஒன்றைச் சுடுவதற்குள் அண்ணி மூன்றைச் சாய்த்திருந்தாள். மறு ஆட்டத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே.

திரையில் தன்னுடைய பகுதி மட்டும்தான் மங்கலாகத் தெரிகிறதோ என்று வாண்டு எழுந்துபோய், துப்பட்டா முனையால் டிவியைத் துடைத்துப் பார்த்தாள்.