டிபன் கேரியரில் இருந்த வளையம்

பை நிறைய விசிட்டிங் கார்டு, முகம் நிறையச் சிரிப்பு, பெரிய அதிகாரிக்குப் பக்கத்தில் நிற்க ஓர் இடம். இந்த மூன்றும் இருந்தால் ஆர்டர் வீடு தேடி வரும் என்று வெங்கடகிருஷ்ணன் காலையிலிருந்து பகவதியின் காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

ஹைதராபாத்தில் ஓர் அரசுத் தொழிற்சாலை தனக்குச் சாமான் செய்து தரும் சிறு முதலாளிகளை அழைத்து நடத்திய கூட்டம் அது. 1978. வெங்கடகிருஷ்ணன் வார்ப்பிரும்பு சப்ளை செய்பவர். பகவதி ஹப்சிகுடாவில் ஒரு தகரக் கொட்டகையில் நான்கு பெண்களை வைத்து ரப்பர் வளையம் செய்பவள். மின்பெட்டித் தகட்டின் ஓட்டையில் மாட்டும் வளையம். உள்ளே போகும் ஒயரைத் தகடு அறுத்துவிடாமல் காப்பது.

அவளுடைய சாம்பிள் மூன்று முறை திரும்பிவிட்டது. 'அளவு சரியில்லை' என்று ஒரு வரி, அவ்வளவுதான் காரணம். அடுத்த திங்கட்கிழமை நான்காவது சாம்பிள். அதுவும் திரும்பினால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் கொட்டகைக்குப் பூட்டுதான்.

டீ இடைவேளையில் கொள்முதல் அதிகாரி ராமசுவாமியை வெல்லக்கட்டியாக நினைத்து மொய்த்தார்கள். பகவதியும் முட்டி மோதிப் போய்க் கார்டை நீட்டினாள். சாம்பிளைப் பற்றிக் கேட்க அவள் வாய் திறப்பதற்குள் அவர் கார்டை வாங்கி, பார்க்காமலே, சொட்டிக்கொண்டிருந்த டீக் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டார்.

"கார்டு போய்ச் சேர்ந்ததில்ல? அதுதாம்மா முக்கியம்" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"சேர்ந்திருச்சு. கோப்பைக்கு அடியில."

மத்தியானம் ஷாமியானாவில் விருந்து. பகவதிக்கு அங்கே சோறு இறங்கவில்லை. கை கழுவுகிற சாக்கில் எழுந்து, தொழிலாளர் கேன்டீன் பக்கம் நடந்தாள். சுவரோரம் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். மூடிக்கு அடியில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். ஓரத்தில் குட்டிப் பிறை அடையாளம். அவள் அச்சில் வெட்டிய பிறை.

"அண்ணே, அது என் வளையம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "திருப்பிக் கேக்காதீங்க, நக்கோம்மா. சாம்பார் ஒழுகும்."

பகவதிக்கு அன்று முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் பெயர் அய்யாக்கண்ணு. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், 'வேண்டாம்' என்பதற்கு ஹைதராபாத் 'நக்கோ'தான் வாயில் வரும்; இங்கே மின்பெட்டி பிரிவில் பிட்டர். ரப்பர் அருமையான ரப்பர், மாட்டிப் பார்த்த ஒன்றைக் குப்பையில் போட மனசு கேட்கவில்லை என்றார். பின்னே ஏன் தள்ளுகிறார்கள் என்று கேட்டாள். தீபாவளியிலிருந்து தகட்டின் கனம் கூடிவிட்டதே, வளையத்தில் பழைய தகட்டுக்கான காடிப் பள்ளத்தை வெட்டினால் புதுத் தகட்டில் எப்படி உட்காரும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தாள். அதில் பழைய கனம்தான் இருந்தது. புது வரைபடத்தை அவளுக்கு யாரும் அனுப்பவே இல்லை.

மணி அடிக்கும்வரை இருவரும் ரப்பர், சூடு, தகடு என்று பேசித் தீர்த்தார்கள். எலுமிச்சைச் சோற்றில் பாதி அவள் பங்குக்கு வந்தது.

கூட்டம் மறுபடி தொடங்கியபோது விஷயத்தைக் கேட்ட வெங்கடகிருஷ்ணன் பதறிப்போனார். சபையில் வாயைத் திறக்காதே, ஞாயிற்றுக்கிழமை ராமசுவாமி வீட்டுக்குப் பழக்கூடையோடு போகலாம் என்றார். அவர் சொல்லி முடிக்கும்போது பகவதி எழுந்து நின்றிருந்தாள்.

தகட்டின் கனம் மாறிவிட்டது, ஒரே ஒரு தகட்டைக் கொண்டுவந்து இந்த வரைபடத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்றாள். மேடையிலிருந்த ராமசுவாமி, எழுத்து மூலம் வாருங்கள் என்றார். மூன்று கடிதம் எழுதியாயிற்று, பதில் இல்லை என்றாள். அவர் முகம் இறுகியது.

"தகடு மாறினது உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது?"

"அது எதுக்கு சார்? தகட்டை அளந்து பாருங்க. நான் சொன்னது பொய்யின்னா திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம், என் பேரை இப்பவே அடிச்சிருங்க."

உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கடைசியில் மேடையிலிருந்த ஜெனரல் மேனேஜரே பொறுமை இழந்து, மின்பெட்டி பிரிவிலிருந்து ஒரு தகடு கொண்டுவரச் சொன்னார்.

கொண்டுவந்தவர் அய்யாக்கண்ணு. பகவதி அவரை முன்பின் பார்த்தறியாதவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் தகட்டை மேஜையில் வைத்தார்; போகாமல் அங்கேயே நின்றார்.

"அந்த அம்மா யார் பேரைச் சொல்ல மாட்டேங்குறாங்களோ, அது நான்தான் சார். தகடு மாறினதைச் செஞ்சு தர்றவங்களுக்குச் சொல்றதுல என்ன தப்பு?"

அளந்தார்கள். தகடு புதுசு, வரைபடம் பழசு. ஜெனரல் மேனேஜர் வரைபடத்தை ராமசுவாமியின் பக்கம் தள்ளினார். புது வரைபடம் அன்றே கைக்கு வந்தது. சாம்பிளுக்குப் பதினைந்து நாள் தவணையும் கிடைத்தது. வாசலில் ராமசுவாமி, தன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று குறைபட்டார்.

"சொல்லத்தான் சார் வந்தேன். கார்டு இன்னும் கோப்பைக்கு அடியிலதான் இருக்கும்."

பதினைந்தாம் நாள் சாம்பிளோடு வந்தாள். கேட்டில் பதிவேடு. 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில், வரிசையாக மேலே எல்லாரும் அதிகாரிகளின் பெயரையே எழுதியிருந்தார்கள். பகவதி 'அய்யாக்கண்ணு, பிட்டர்' என்று எழுதினாள். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, அடித்துவிட்டு ஓர் ஆபீசர் பெயரை எழுதச் சொன்னான்.

பகவதி பேனாவை மூடி வைத்தாள்.

"அவரைப் பார்க்கத்தான் வந்திருக்கேன். உள்ளே சொல்லி அனுப்பு."