என் எழுத்தில் ஒரு காரணம்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, ஓக்லஹோமாவில் எங்கள் கவுண்டியின் சுகாதார நிலையத்திலிருந்து போன். அங்கே நர்ஸாக இருக்கும் கெர்ரி வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மார்வா, உங்க நாலாம் நம்பர் பஸ்ல செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போன அஞ்சாங்கிளாஸ் பையனுக்குத் தட்டம்மை. இப்பத்தான் ரிசல்ட் வந்துச்சு. அன்னைக்குப் பகல் முழுக்க வெளியூர்ல பேண்ட் வாத்தியப் போட்டி. உங்க பிள்ளைங்களோட இருந்தது அந்த பஸ்ல மட்டும்தான். அதுல ஊசி போடாத பிள்ளை யாரு?"

பதினாறு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தின் முன் மேஜை என்னுடையது. சேர்க்கை, வருகை, காய்ச்சல், காணாமல் போன ஸ்வெட்டர் எல்லாம் என்னிடம்தான் வரும். ஊசி வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கும் விலக்குப் படிவங்கள் இருக்கும் டிராயரை இழுத்தேன். நாலாம் நம்பர் பஸ்ஸில் ஒரே ஒரு பெயர். வில்லா ப்ரூயிட், ஒன்றாம் வகுப்பு. பஸ் ஓட்டும் கிழவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தப் பையனுக்கு நேர் பின் சீட்டில்தான் அவள் உட்கார்ந்து வந்தாளாம்.

வில்லாவுக்கு மூச்சிரைப்பு. அவள் மருந்து இழுக்கும் பம்பு என் மேஜையில்தான் இருக்கும். தினமும் பத்தேகாலுக்கு ஜன்னலுக்கு வெளியே இரண்டு ஜடைகள் மட்டும் தெரியும். எட்டிப் பார்த்தால், "மிஸ் மார்வா, எனக்குக் காத்து தீந்துபோச்சு" என்பாள். அன்றைக்கும் வந்து வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

"தொத்தினதிலேர்ந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டா தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கு" என்றாள் கெர்ரி. "செவ்வாய் மூணரைக்கு பஸ் கிளம்பிச்சு. இன்னைக்கு மூணரை வரைக்கும் டைம்."

வில்லாவின் அத்தை ட்ரூடி அரை மணியில் வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போனாள். வேலை முடிந்தது என்று நானும் காபி ஊற்றிக்கொண்டேன். பன்னிரண்டரைக்கு மறுபடியும் போன்.

"அத்தை கையெழுத்து செல்லாது" என்றாள் கெர்ரி. "சும்மா அப்பா ஊர்ல இல்லைன்னா அத்தை போதும், போட்டுருவேன். ஆனா ஊசி வேண்டாம்னு அப்பாவே எழுதிக் குடுத்திருக்காரு. அவர் வாயால சரின்னு சொல்லாம நான் தொட முடியாது. என் கையைக் கட்டிப் போட்டிருக்கு, மார்வா. அவர் போனை எடுக்கவே இல்ல."

எப்படி எடுப்பான்? வில்லாவின் அப்பா டெலேன் ப்ரூயிட் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் இருக்கிறான். மேடை ஏறுகிறவன் போனைக் கீழே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். ஒரு பொறி போதும், எல்லாரும் போய்ச் சேர. காலை ஆறு முதல் சாயங்காலம் ஆறு வரை அவன் யாருக்கும் கிடைக்கமாட்டான். வில்லாவின் அம்மா எங்கே இருக்கிறாள் என்று கோர்ட்டுக்கே தெரியாது. ரிக் ஆபீஸ் நம்பருக்கு ஒரு மணி வரை அடித்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை.

படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கீழே டெலேனின் கிறுக்கல் கையெழுத்து. அதற்கு மேலே, 'காரணம்' என்று போட்டிருந்த இடத்தில் 'பெற்றோரின் சொந்த நம்பிக்கை' என்று உருண்டை உருண்டையாக எழுதியிருந்தது. அது என் எழுத்து.

போன வருஷம் ஆகஸ்ட், பள்ளி திறக்கிற நாள். வரிசையில் பத்தொன்பது பேர். டெலேன் கிரீஸ் கையோடு வந்து நின்றான். ஊசி அட்டை பழைய காரோடு போய்விட்டது, வில்லா கைக்குழந்தையாக இருந்தபோது கன்சாஸில் என்னவோ போட்டார்கள், எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாது என்றான். அட்டை இல்லாமல் சேர்க்க முடியாது. மறுபடி போட வேண்டுமென்றால் நாள் குறிக்க வேண்டும், லீவு போட வேண்டும். நான் இந்தத் தாளை எடுத்து நீட்டினேன். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு, நாளைக்கே பிள்ளை வரலாம். ஓக்லஹோமால இது உன் உரிமை, யாரும் ஏன்னு கேக்க முடியாது" என்றேன். காரணத்தையும் நானே எழுதினேன், வரிசை நகரட்டும் என்று. எங்கள் ஆபீஸில் எல்லாரும் செய்வதுதான். அட்டை தேடி அலைவதைவிடத் தாள் சுலபம்.

டிராயரில் மிச்சமிருந்த படிவங்களையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, வில்லாவின் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்து, பர்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே போகிறாய் என்று தலைமை ஆசிரியர் கேட்டதற்கு நின்று பதில் சொல்லவில்லை.

ரிக்குக்கு நாற்பது மைல். அதில் பாதி சரளைக்கல் ரோடு. கோதுமை வயல் நடுவே ஒரு மாட்டு லாரி முன்னால் ஆடி அசைந்து போனது. வழிவிடவில்லை. ஹார்னை அழுத்திக்கொண்டே, பாதிரியார் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி திட்டினேன். ரிக்கின் கேட்டைத் தொட்டபோது மணி இரண்டு இருபது. மேஸ்திரியிடம் பிள்ளைக்கு ஆபத்து என்றேன். மனுஷன் ஒரு வார்த்தை கேட்காமல் மேடையைப் பார்த்து விசில் அடித்தான்.

டெலேன் முகமெல்லாம் சேறாக ஓடி வந்தான். "வில்லாவுக்கு என்ன ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆகல. தட்டம்மை வந்த பையன் பின்னாடி உக்காந்து வந்திருக்கா. மூணரைக்குள்ள ஊசி போடணும். ட்ரூடி அங்கதான் காத்துக்கிட்டு இருக்கா. நீ போன்ல சரின்னு சொல்லு, போதும்."

பெட்டியைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டான்.

"நாங்க ஊசி போடுறதில்ல, மிஸ் மார்வா."

"நாங்கன்னா யாரு?"

"நான்தான். பிப்ரவரில தீயணைப்பு நிலைய ஹால்ல ஊசிக்கு எதிரா மீட்டிங் நடந்துச்சே, நீங்க வரலியா? எழுந்து பேசினேன். எம் பிள்ளை, என் முடிவுன்னு. இருநூறு பேரு கை தட்டினாங்க." அவனுடைய வண்டியின் பின்னால் அதே வாசகம் ஒட்டியிருந்தது, அமெரிக்கக் கொடிக்கும் மீன்பிடி கிளப் ஸ்டிக்கருக்கும் நடுவில். "வாழ்க்கைல எனக்கு யாரும் கை தட்டினதில்ல."

பின்னால் நான்கு பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன், "விட்டுக்குடுக்காத டெலேன், கவர்மெண்டு ஆள அனுப்பியிருக்கு பாரு" என்று சிரித்தான். பூப்போட்ட சட்டையும் ஆரஞ்சு செருப்புமாக நிற்கும் நான் கவர்மெண்டாம்.

"டெலேன், உன் பொண்ணுக்கு இப்பவே மூச்சு வாங்குது. தினமும் பம்பு குடுக்கறது நான்."

"தெரியும். ராத்திரி குடுக்கறது நான்." அவன் என் பக்கம் ஒரு எட்டு வைத்தான். "அந்தத் தாளைக் குடுத்தது யாரு? உன் உரிமை, யாரும் ஏன்னு கேக்க முடியாதுன்னு சொன்னது யாரு? இப்ப நீங்களே வந்து ஏன்னு கேக்குறீங்க."

மணி இரண்டு நாற்பது. பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நல்ல பொய் ஒன்றும் கிடைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்து அவன் முன்னால் பிரித்தேன்.

"காரணம்னு எழுதியிருக்கே, அது யார் எழுத்து?"

பார்த்தான்.

"என் எழுத்து. நீ அன்னைக்கு நம்பிக்கைன்னு ஒரு வார்த்தை சொல்லல. அட்டையைக் காணோம்னு சொன்ன. அவ்வளவுதான். எனக்கு வரிசை நகரணும், மதியச் சாப்பாடு ஆறிப்போகுது. அதனால உனக்கு ஒரு நம்பிக்கைய நானே எழுதிக் குடுத்தேன்." அந்த நான்கு பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "என் ரெண்டு பசங்களுக்கும் எல்லா ஊசியும் போட்டாச்சு. ஒண்ணு விடாம."

சிரித்தவன் சிரிப்பை நிறுத்தினான். டெலேனின் கழுத்து நரம்பு புடைத்தது. அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"உங்க பசங்களுக்குப் போட்டுட்டு, எனக்குத் தாளைக் குடுத்தீங்க."

"ஆமா."

"அந்த ஹால்ல அத்தனை பேர் முன்னாடி நின்னேனே." கண்ணைப் புறங்கையால் துடைத்தான். சேறு இன்னும் அப்பியது. "முட்டாள் மாதிரி நின்னேன்."

"முட்டாள் நான். இப்ப சண்டை போட நேரமில்ல டெலேன். திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்து எல்லாருக்கும் முன்னாடி திட்டு. இப்ப வில்லாவுக்காக ஒரு வார்த்தை சொல்லு."

அவன் பெட்டியை உதைத்துத் திறந்தான். சேற்று விரலில் இரண்டு தடவை தப்பு நம்பர். மூன்றாவது தடவை ட்ரூடி எடுத்தாள். பின்னால் வில்லா ஏதோ பாடுவது கேட்டது. "நர்ஸ்கிட்ட குடு" என்றான். பிறகு, "டெலேன் ப்ரூயிட் பேசுறேன். நான்தான் அப்பா. நான் குடுத்த தாள் இனி செல்லாது. போடுங்க" என்றான். கெர்ரி பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். அப்புறம் ஒரு வீறல். "அப்பா, இவங்க என்னைக் குத்திட்டாங்க!"

மூன்று மணி ஐந்து நிமிஷம்.

"தெரியும்டி செல்லம், நான்தான் சொன்னேன்" என்றான். போனை வைத்தான். நான் வண்டியில் சாய்ந்துகொண்டேன். நன்றி சொல்வான் என்று எதிர்பார்க்கவில்லை. என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த டிராயர்ல இந்த எழுத்துல இன்னும் எத்தனை இருக்கு?"

எண்ண வேண்டியதே இல்லை. கிளம்பும்போதே பார்த்துவிட்டேன்.

"பதினொண்ணு."

டெலேன் ஹெல்மெட்டைத் தலையில் வைத்தான்.

"அப்புறம் இங்க ஏன் நின்னுக்கிட்டு இருக்கீங்க?"