சாப்பாட்டு மேஜைத் துப்பாக்கி

வாசல் பல்பை இரண்டாவது தடவையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். யாரோ என்பது ஷெரீப்பின் போலீஸ் ஆள் எழுதிக்கொண்ட வார்த்தை. வெண்டலைத் தவிர இந்த ஓடைக்கரையில் என் வாசல் பல்பின் மேல் ஆசைப்படுகிறவன் எவனும் இல்லை.

வெண்டல் ஸ்பர்லாக் என் முன்னாள் கணவன். எனக்கோ என் வீட்டுக்கோ ஐந்நூறு அடிக்குள் வரக்கூடாது, கையில் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்று வசந்த காலத்தில் நீதிபதி ஒரு வருஷத்துக்கு உத்தரவு போட்டிருந்தார். கென்டக்கி மாநில முத்திரை குத்திய அழகான காகிதம். அதைக் காட்டினால் நாய்கூடக் குரைப்பதை நிறுத்தாது. ஷெரீப் ஆபீஸிலிருந்து ஆள் வந்து சேர முக்கால் மணி நேரமாகும். ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டால் வரவே மாட்டான். அன்றைக்கு வந்தவன் வெறும் ஹோல்டரை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கழற்றியவரைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டான். பல்பு இல்லாத இருட்டில் எதைப் பார்ப்பது என்று திருப்பிக் கேட்டேன். அதையும் எழுதிக்கொண்டு போனான்.

தங்கை வீட்டுக்குப் போய்விடு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஏன் போகவேண்டும்? அந்தத் தகர டிரெய்லர் வீட்டுக்குத் தவணை கட்டினவள் நான். குட்டக் குட்டக் குனிகிறவள் முட்டாள் என்பார்கள். பதினோரு வருஷம் நான் அந்த முட்டாளாக இருந்தாயிற்று. சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை இல்லாத நாள், ஹோபர்ட் நேப்பியரின் கடைக்குக் கிளம்பினேன். நடுத்தர அளவில், பழையதாக, என் கைக்கு அடங்குகிற ஒரு துப்பாக்கி வாங்குவதுதான் எண்ணம்.

ஹோபர்ட் என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவன். முன்பக்கம் தூண்டில் புழு, நடுவில் ரப்பர் பூட்ஸ், பின்னால் துப்பாக்கி என்று கடை. காப்பிப் பானைக்குப் பக்கத்தில் எப்போதும் நான்கு கிழங்கள் உட்கார்ந்திருக்கும். சுவரில் அவன் கையெழுத்தில் ஒரு பலகை: சீட்டில் எழுதியிருப்பதுதான் விலை, பேரம் பேச விரும்பினால் வெளியே நாய் கட்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பலகை அது. ஹோபர்ட்டுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

விஷயத்தைச் சொன்னேன். அவன் நேராகப் போய், ஊதா நிறப் பிடி போட்ட ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து வந்தான். வெல்வெட் துணி விரித்து மோதிரம் காட்டுவது போல வைத்தான்.

“இது போதும் கண்ணு உனக்கு. எடையே இல்ல. கைப்பையில கெடந்தா கெடக்குறதே தெரியாது.”

“எடையில்லாததுதான் சுடும்போது உதைக்கும். நான் முந்நூறு பிள்ளைங்களுக்கு உருளைக்கிழங்கு மசிக்கிறவ ஹோபர்ட்டு. எனக்கு எடை ஒண்ணும் பயமில்ல. கண்ணுன்னு கூப்பிடறத உன் பொண்டாட்டியோட வச்சுக்கோ.”

கிழங்களில் ஒருவருக்குக் காப்பி புரையேறியது.

ஹோபர்ட் முகம் சிவந்து, பழைய துப்பாக்கிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான். ஒவ்வொன்றையும் எடுத்ததும், குண்டு அடுக்கும் மேகசினை உருவி வெளியே வைப்பான். அப்புறம் மேல் இரும்பைப் பின்னால் இழுத்து நிறுத்தி, குழலில் குண்டு ஏறும் இடத்தைத் தான் ஒரு தடவை பார்த்து, எனக்கும் காட்டுவான். பிறகுதான் என் கையில் கொடுப்பான். நான் திருப்பிக் கொடுத்தால், ஒரு நொடிக்கு முன்னால் பார்த்ததையே மறுபடியும் பார்ப்பான். இதில் சந்தேகம், அவமானம் எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் தகப்பன் மகனுக்குக் கொடுத்தாலும் பாதிரியார் பாதிரியாருக்குக் கொடுத்தாலும் திறந்து காட்டித்தான் கொடுக்கவேண்டும். கேட்டால் காட்டியே ஆகவேண்டும். காட்டாதவனோடு வேட்டைக்கு யாரும் போகமாட்டார்கள்.

என் வீட்டு மேஜையில் மட்டும் அந்த முறை கிடையாது. வெண்டல் சாப்பிட உட்காரும்போது துப்பாக்கியை உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைப்பான். பீன்ஸும் சோள ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருப்பேன். “இதுல குண்டு இருக்கா, இல்லையா? சொல்லு பாப்போம்,” என்பான். “தப்பாச் சொன்னா நீதான் பாத்திரம் கழுவணும்.” இருக்கு என்றாலும் சிரிப்பான், இல்லை என்றாலும் சிரிப்பான். எது சரி என்று ஒருநாளும் திறந்து காட்டியதில்லை. பாத்திரத்தை எப்போதும் நான்தான் கழுவினேன். கேட்டால் காட்டவேண்டும் என்கிற ஊர் வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த மேஜையில் கேட்பதற்கு எனக்கு வாய் வந்ததில்லை. சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஹோபர்ட் காட்டியதில் ஒன்று கைக்குப் பெரிதாக இருந்தது. இன்னொன்றின் மேல் இரும்பை இழுக்க இரண்டு ஆள் வேண்டும். கீழ்த்தட்டில், பின் வரிசையில், ஒரு தொப்பிக்குப் பாதி மறைவாக ஒன்று கிடந்தது. சீட்டும் கட்டியிருந்தது. அதை எடு என்றேன்.

ஹோபர்ட்டின் கை நின்றது. அது அடிக்கடி சிக்கிக்கொள்ளும், உனக்குச் சரிவராது என்றான். கடைக்காரன் தன் சரக்கையே குறை சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது. எடு என்று மறுபடியும் சொன்னேன். திறந்து காட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான்.

கைக்கு அளவெடுத்தது போல உட்கார்ந்தது. திருப்பிப் பார்த்தேன். பிடியின் அடி மூலை, என் கட்டைவிரல் நகம் அளவுக்கு, உருகி வழவழவென்று இருந்தது.

அந்த உருகல் எனக்குத் தெரியும். ஒரு குளிர்காலத்தில் வெண்டல் சண்டை போட்ட வேகத்தில் இதைச் சூடாக இருந்த என் அடுப்பின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். பிளாஸ்டிக் தீயும் நாற்றத்தில்தான் நான் கவனித்தேன். கரண்டியால் தள்ளிக் கீழே போட்டுவிட்டு, குளியலறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அன்றைக்கும் அதில் குண்டு இருந்ததா என்று தெரியாது.

அதே சாப்பாட்டு மேஜைத் துப்பாக்கி. அதற்கடுத்த நொடி எனக்கு வந்த கோபம், இந்த வயதில் எனக்கு வந்தது எதற்கும் நிகரில்லை. உத்தரவு வந்ததும் துப்பாக்கியை ஹோபர்ட் கடையில் விற்கக் கொடுத்துவிட்டேன் என்று வெண்டல் ஷெரீப்பிடம் சொல்லியிருந்தான். ஷெரீப்பும் நம்பினார். விற்கக் கொடுத்ததாம். தொப்பிக்குப் பின்னால் ஒளித்து, உத்தரவு முடிகிற வரைக்கும் பத்திரமாக வைத்திரு என்று கொடுத்திருக்கிறான். அடுத்த வசந்தத்தில் இது மறுபடியும் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். யார் வீட்டு உப்பு டப்பா என்பதைப் பல்பு கழற்றுகிறவன் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறான்.

“இதையே எடுத்துக்கறேன்,” என்றேன்.

“அது வந்து, ஆர்லீன், விக்கறதுக்கு இல்ல.”

“சீட்டு கட்டியிருக்கே.”

“சும்மா ஒரு கணக்குக்குக் கட்டினது.”

“சும்மாவா? அப்ப வெண்டலு ஷெரீப்புகிட்ட சொன்னது பொய்யி. அவன் பொருளை நீ ஒளிச்சு வச்சிருக்கே. எது உண்மைன்னு நீயே சொல்லு. திங்கக்கெழமை நான் ஷெரீப் ஆபீஸ் பக்கமாத்தான் வேலைக்குப் போறேன்.”

ஹோபர்ட் தலையைத் தூக்கினான். அவன் கண் எங்கே போய் முட்டியது என்று எனக்குத் தெரியும். சுவரில் அவன் கையாலேயே எழுதின பலகை இருந்தது. கிழங்கள் நாலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூலை அவிழ்த்துச் சீட்டை மேஜை மேல் வைத்தான்.

அரசாங்கப் படிவத்தை நிரப்பினேன். ஹோபர்ட் அவர்களைப் போனில் கூப்பிட்டு என் பெயரைச் சொன்னான், துப்பாக்கி வாங்கத் தடை ஏதும் இல்லை என்று பதில் வந்தது. பணம் கமிஷன் போக வெண்டலுக்குத்தான் போகும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். போகட்டும். திருடினேன் என்று எவனும் சொல்ல முடியாது அல்லவா, அதற்கு அந்தப் பணம் தகும்.

அடுத்தது தோட்டா. வெண்டல் போட்டதையே போடு என்று, உருண்டை மூக்குக் குண்டுப் பெட்டியை எடுத்து வைத்தான் ஹோபர்ட். பழகுவதற்கு ஒரு பெட்டி அதிலேயே வாங்கிக்கொண்டேன். வீட்டில் வைப்பதற்கு அது வேண்டாம் என்றேன். டிரெய்லர் சுவர் என்பது இரண்டு தகரத்துக்கு நடுவே கொஞ்சம் பஞ்சு. உருண்டை மூக்கு ஒருவனைத் துளைத்து, சுவரையும் துளைத்து, பக்கத்து டிரெய்லரில் நெடீன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிற நாற்காலி வரைக்கும் போகும். மூக்கில் குழி உள்ள குண்டு என்றால் பட்ட இடத்தில் மலர்ந்து, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். தவறினால் அதுவும் சுவரைத் துளைக்கத்தான் செய்யும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் என் பயத்துக்கு நெடீன் வீடு எவ்வளவு குறைவாக விலை கொடுக்கிறதோ அவ்வளவு நல்லது.

குழி மூக்கை இந்தத் துப்பாக்கி விழுங்காது என்று வெண்டல் எப்போதும் சொல்வான் என்றான் ஹோபர்ட். வெண்டல் என்னைப் பற்றியும் நிறையச் சொல்வான் என்றேன். இரண்டு விதக் குழி மூக்கு வாங்கிக்கொண்டு, கடைக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டிக் கட்டியிருக்கும் சுடுமிடத்துக்குப் போனேன். பழைய துப்பாக்கியை வாங்கினவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் எல்லோரும் செய்வதுதான். புதிதாக வந்த மாடு எந்தப் புல்லைத் தின்னும் என்று போட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

உருண்டை மூக்கு ஒழுங்காக ஓடியது. முதல் வகைக் குழி மூக்குக்கு வாய் அகலம், இரண்டாவது குண்டிலேயே ஏறாமல் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. வாசலில் நின்று பார்த்த ஹோபர்ட், சொன்னேனே என்றான். பதில் சொல்லாமல் குண்டை வெளியே எடுத்துவிட்டு மறுபடியும் முயன்றேன். மறுபடியும் அதே கதை. அந்தப் பெட்டியை ஓரமாக வைத்தேன். இன்னொன்றில் குழியைச் சிவப்பு ரப்பரால் அடைத்திருந்தார்கள், முனை உருண்டைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒன்று போனது. இரண்டு போனது. பெட்டி தீருகிற வரைக்கும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பதினோரு வருஷம் அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு மிரட்டினவன், அது எதை விழுங்கும் என்று ஒரு நாள் மதியத்தைச் செலவழித்துப் பார்த்ததில்லை.

திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஹோபர்ட் இல்லை. உள்ளே வந்தேன். அவன் போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். யாரைக் கூப்பிட்டான் என்று நான் கேட்கவில்லை, சிவந்திருந்த அவன் காது மடலே சொன்னது. இன்னும் ஒரு பெட்டி சிவப்பு ரப்பர் கேட்டேன். எடுத்துக் கொடுத்தான். கடை வழக்கப்படி துப்பாக்கியைத் திறந்து பார்த்து, காலி என்று தெரிவதற்காகக் குழலில் மஞ்சள் பிளாஸ்டிக் குச்சியைச் செருகி, அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடினான்.

வெளியே வந்தேன். என் காருக்குப் பக்கத்தில் அதற்குள் வெண்டலின் லாரி வந்து நின்றது. அவன் இறங்கி நின்றான், தொப்பியைப் பின்னால் தள்ளி, கட்டைவிரலைப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு. மாட்டுச் சந்தையில் நிற்கிறவன் மாதிரி.

“அந்தப் பெட்டியக் குடு ஆர்லீன். அது என்னோடது.”

“விக்கக் குடுத்தே, வித்துருச்சு. பணத்த ஹோபர்ட்டு தருவான். அதுல எனக்கு ரெண்டு பல்பு வாங்கி அவன்கிட்டயே குடுத்தனுப்பு.”

பயமில்லை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் பயத்தோடும் நிற்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பின்னால் கதவு மணி அடித்தது. ஹோபர்ட்டும் கிழங்களும் படியில் வந்து நின்றார்கள்.

வெண்டல் சிரித்தான், அதே சிரிப்பு. “அத எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரியுமாடி உனக்கு?” என்று ஓர் எட்டு முன்னால் வைத்தான்.

நான் பெட்டியைக் காரின் முன்மூடி மேல் வைத்தேன். திறக்கவில்லை. மேலே உள்ளங்கையை மட்டும் வைத்தேன்.

“இதுல குண்டு இருக்கா, இல்லையா?” என்று கேட்டேன். “சொல்லு பாப்போம்.”

வைத்த காலை அவன் எடுக்கவில்லை. பெட்டியைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். அப்புறம் என் தலைக்கு மேலாக ஹோபர்ட்டைப் பார்த்தான். ஹோபர்ட்டுக்குத் தெரியும், மஞ்சள் குச்சியைச் செருகினதே அவன்தான். ஒரு வார்த்தை போதும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஹோபர்ட் இருமினான்.

“அவங்க ஒன்னைத்தான் கேக்கறாங்க வெண்டலு,” என்றான். “அப்புறம், இது ஐந்நூறு அடி இல்ல.”

“தப்பாச் சொன்னா,” என்றேன் நான், “நீதான் பாத்திரம் கழுவணும்.”

அவன் முகத்திலிருந்து சிரிப்பு கழன்றது. பின்பக்கமாகவே இரண்டு எட்டு நடந்து, லாரிக் கதவைத் தடவித் தேடினான். சரளைக்கல் பறக்கப் போனான். படியில் நின்ற கிழம் ஒன்று என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டது.

பெட்டியைக் காரின் பின்பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். உள்ளே அது வாயைத் திறந்துகொண்டு, குழலில் மஞ்சள் குச்சியோடு, காலியாகத்தான் கிடந்தது. கேட்டால் காட்டவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். வெண்டல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் திறந்து காட்டியிருப்பேன். அவனுக்கும் கேட்பதற்கு வாய் வரவில்லை.