டீச்சர் வண்டிக்கு மாற்று எஞ்சின்

சங்கிலியில் தொங்கிய எஞ்சின் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. "மெதுவா டீச்சர், மெதுவா!" என்று மெக்கானிக் சவுண்டு கத்திய கத்தலில் தெருவில் போய்க்கொண்டிருந்தவர் தன் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிவிட்டார். அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். டீச்சர் சங்கிலியை விடவில்லை. உள்ளங்கை எரிய எரிய ஒவ்வொரு கண்ணியாக இறக்கினாள். சவுண்டு எஞ்சினின் இடுப்பைக் கட்டிப்பிடித்து, கியர்பாக்ஸின் மூக்கோடு சேர்ப்பதற்காக அதை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். சேரவில்லை. மறுபடி ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். வியாழக்கிழமை மதியம் முழுக்க இதே கதைதான். கடைசியில் எங்கேயோ 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டு, எஞ்சின் தானாகவே உள்ளே நகர்ந்து உட்கார்ந்தபோது, அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இருபது வருடங்களுக்கு மேலாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்தே பாதி ஊரைக் காப்பாற்றியவள். ஊரில் எவர் ஸ்டியரிங் பிடித்தாலும் அதில் அவள் திட்டு கொஞ்சம் இருக்கும். ஆனால் அவள் ஓட்டுவது என்னவோ அபூர்வம். பயிற்சிக் காரைக் காலையில் வெளியே எடுப்பாள், மாலையில் உள்ளே விடுவாள். வீட்டுக்குப் போவது பஸ்ஸில். நடுவில் உள்ள நேரமெல்லாம் அடுத்தவர் கால், அடுத்தவர் கை, அடுத்தவர் பயம். ஒருநாள் ஒரு மாணவன் வழக்கம்போல வண்டியை நடுத்தெருவில் அணைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தபோதுதான், எதிர் வீட்டு வாசலில் அந்தக் கார் நிற்பதைப் பார்த்தாள். அடர் நீலம். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஓர் அட்டை. மாணவன் மூன்று முறை ஸ்டார்ட் செய்தும் அவள் அவனைத் திட்டவில்லை. அவன் பயந்தே போனான்.

"இந்த வயசுல இது எதுக்கு?" என்று கணவர் கேட்டார். மருந்துக் கடையில் வேலை. எதையும் அளந்து, ஒட்டி, பெயர் எழுதி வைக்கிற மனிதர்.

"இந்த வயசுலதாங்க," என்றாள் அவள்.

வாங்கியும் விட்டாள். அவர் ஒரே ஒரு முறை அதில் உட்கார்ந்து வந்தார். கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. அவருக்கு ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் அவள் சொல்லிக்கொடுக்கப் போய், மூன்றாவது நாளே அவள் மிதித்த பிரேக்கில் அவர் மூக்குக்கண்ணாடி பறந்தது. குடும்பம் நிலைக்க வேண்டுமென்று அத்தோடு இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

காலையில் வகுப்புகள் தொடங்குமுன் அவள் புறவழிச்சாலைக்குப் போவாள். யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டாம். கால் தன்னுடையது, கை தன்னுடையது. மூன்றாவது கியரில் அந்த எஞ்சின் குரலை உயர்த்தும்போது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். வாங்கி இரண்டு மாதம் முழுசாக ஆகவில்லை. ஒருநாள் மேட்டில் ஏறும்போது உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் வந்தது. அவள் காலை எடுப்பதற்குள் ஒரு பெரிய அடி, ஒரே புகை, அப்புறம் காற்றின் சத்தம் மட்டும். ஓரமாக உருட்டி நிறுத்தினாள். அந்த வழியே வந்த அவளுடைய பழைய மாணவன் ஒருவன் கண்ணாடியை இறக்கி, "கிளட்சை மெதுவா விடணும் டீச்சர்!" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் சொல்லிக்கொடுத்த அதே ராகத்தில்.

சவுண்டு வண்டியைத் தூக்கிப் பார்த்தார். எஞ்சினின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே இருந்த ராடு ஒடிந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆயிலை இறக்கினால் ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை.

"ஆயில் விளக்கு எரியலையா டீச்சர்?" என்றார், அவரால் முடிந்த அளவு தணிந்த குரலில்.

விளக்கு எரிந்தது. ஒரு வாரமாக எரிந்தது. பயிற்சிக் காரிலும் அதே இடத்தில் அதே சிவப்பு விளக்கு வருடக்கணக்காக எரிகிறது. அதன் வயரில் ஏதோ கோளாறு, மற்றபடி ஆயிலுக்கு ஒரு குறையும் இல்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதைக் காட்டிப் பதறுவார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் சொல்வாள்: "அது அப்படித்தான் எரியும், நீ ரோட்டைப் பாரு." சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை முழுசாக நம்பிய ஒரே ஆள் அவளாகத்தான் இருந்தாள்.

வீட்டில் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பழைய வண்டிதானே, என்னவோ ஆயிடுச்சு," என்று மழுப்பினாள். அதுதான் தப்பாகப் போயிற்று. கணவர் ஃபோனை எடுத்து, வண்டியை விற்றவரைப் பிடித்துவிட்டார். "ஓட்டை எஞ்சினை எங்க தலையில கட்டிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று அவர் கத்துவதைச் சமையலறையில் கேட்டபடி நின்றாள். அந்தப் பக்கம் ஒரு வயதான குரல் திரும்பத் திரும்ப, "நான் பார்த்துப் பார்த்து வச்சிருந்த வண்டி சார்," என்றது. அவள் ஓடிப்போய் ஃபோனைப் பிடுங்கி அணைத்தாள். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி அந்த எண்ணை அழைத்து, எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். யாரிடமும் ஒரு சொல் தாழ்ந்து பேசாதவர். பேசி முடித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"வண்டி போனா போகுது. என்னை ஒரு நல்ல மனுஷன்கிட்ட கத்த விட்டுட்டு உள்ள நின்னுட்டிருந்த பாரு, அதுதான்." அடுத்த நாளே பழைய வண்டிகளை உடைக்க எடுப்பவரிடம் பேசிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஏற்றிக்கொண்டு போகும்படி வாக்கும் கொடுத்துவிட்டார். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. "சனிக்கிழமைக்குள்ள ஓடிடுச்சுன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓடினா வச்சுக்கோ."

பின்பக்கம் அடிபட்டு நொறுங்கிய இதே மாதிரி வண்டி ஒன்றிலிருந்து சேதமில்லாத எஞ்சினைச் சவுண்டு பிடித்துக் கொடுத்தார். ஆனால் வேலைக்கு ஆள் இல்லை என்று கையை விரித்தார். சங்கிலி தொங்குகிற இடமும் சனிக்கிழமை வரைதான், அப்புறம் வேறு வண்டி வருகிறது. "ஆளா நான் வரேன்," என்றாள். "நீங்களா!" என்று அவர் சிரித்தது அடுத்த தெருவரை கேட்டிருக்கும். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். மதிய வகுப்புகளை எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, மகன் விட்டுப்போன பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

கழற்றுவது சுலபம், பூட்டுவதுதான் பாடு என்று சவுண்டு சொல்லியிருந்தார். அதனால் ஒரு பெரிய அட்டையில் எஞ்சினைக் கோணல்மாணலாக வரைந்து, எந்த போல்ட்டை எங்கே கழற்றினாளோ படத்தில் அதே இடத்தில் ஓட்டை போட்டுக் குத்திவைத்தாள். குழாய்களின் முனைகளில் எல்லாம் பயிற்சிக் காரின் 'எல்' ஸ்டிக்கரை ஒட்டி அடையாளம் எழுதினாள். "எஞ்சினுக்கும் லைசென்ஸ் எடுக்கப் போறீங்களா?" என்று சவுண்டு கிண்டலடித்தார். விரல் முட்டிகளெல்லாம் தோல் உரிந்தன. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. இரவு சாப்பிடும்போது கணவரின் பார்வை அந்த விரல்களில் விழுந்து விலகும். இருவருக்கும் நடுவில் 'உப்பு', 'தண்ணி' என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. வண்டி போய்விட்டால் என்ன, பழையபடி பஸ் இருக்கிறது, பக்கத்து இருக்கை இருக்கிறது என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நெஞ்சு கேட்கவில்லை. அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்தே கழிந்த காலம் போதும் போதும் என்றது.

சனிக்கிழமை மதியம் அட்டையில் ஒரு போல்ட்டும் மிச்சமில்லை. ஆயில், தண்ணீர் எல்லாம் ஊற்றியாயிற்று. அவள் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

'டிக்.'

அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். மறுபடி 'டிக்'. சவுண்டு பேட்டரியை மாற்றினார். 'டிக்'. ஸ்டார்ட்டரைத் தட்டினார், கழற்றினார், தனியே வைத்து ஓட்டிப் பார்த்தார். அது நன்றாகத்தான் சுற்றியது. மாட்டினால் 'டிக்'. அவர் தலையைச் சொறிந்தபடி வெளியே போய் நின்றார். முதல் தடவையாக அவர் ஒன்றும் பேசாமல் இருந்தது அவளுக்குக் கலக்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் லாரி ஒன்று பின்னோக்கி வந்து நின்றது. உடைக்க எடுப்பவர் இறங்கினார். பின்னாலேயே, கடையிலிருந்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், வண்டியின் காகிதங்களோடு கணவரும் வந்தார்.

அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்டாண்டின் மேல் நின்ற வண்டிக்கடியில் படுத்து உள்ளே நகர்ந்தாள். எல்லா வயரையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். இருட்டாக இருந்தது. கையால் தடவித் தடவிப் போனாள். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. பழைய தோல் ஷூ ஒரு ஜோடி, கணவரின் செருப்பு ஒரு ஜோடி.

"ஓடலைல்ல? ஏத்திடலாமா சார்?" என்றது ஷூ. "அம்மாவை வெளிய வரச் சொல்லுங்க. டிரைவிங் கத்துக்குடுக்கிறவங்களே இப்படி எஞ்சினை அடிச்சுட்டா மத்தவங்க கதி என்ன!"

செருப்பு அசையவில்லை. அவள் கைகள் நிற்கவில்லை. இழுத்து வெளியே போட்டாலொழிய வரப்போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வயரைப் பிடித்தாள்.

"வண்டி கொடுக்கிறதா இல்லைங்க," என்றார் கணவர்.

"என்ன சார், வாக்குக் குடுத்தீங்களே?"

"குடுத்தேன். இப்ப மாத்திப் பேசறேன். என் மேலதான் தப்பு, மன்னிச்சுக்கோங்க."

ஷூ முணுமுணுத்துக்கொண்டே போயிற்று. லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. செருப்புகள் அருகில் வந்தன, முட்டிகள் மடங்கின, அப்புறம் அந்த வெள்ளைக் கோட்டு ஆயில் தரையில் அப்படியே படுத்தது. ஃபோனின் வெளிச்சம் அவள் முகத்தில் நேராக அடித்தது.

"ஒரே வாரத்துல ரெண்டு பேர்கிட்ட மன்னிப்புக் கேட்க வச்சுட்ட," என்றார்.

"மூஞ்சில அடிக்காதீங்க. இடது பக்கம் காட்டுங்க."

"எந்த இடது? உன் இடதா, என் இடதா?"

"வண்டியோட இடதுங்க!"

வெளிச்சம் தடுமாறியது. சக்கரத்துக்குப் போயிற்று, அங்கிருந்து சைலன்சருக்கு, பிறகு அவள் கேட்டதற்கு நேர் எதிர்ப்பக்கம் கியர்பாக்ஸின் மேலே போய் நின்றது. அங்கே, முறுக்கிப் பூட்டிய போல்ட்டுக்குப் பின்னால், எஞ்சினையும் பாடியையும் இணைத்து ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் ஓட வழிவிட வேண்டிய பின்னல் எர்த் பட்டை, ஒரு முனை எதிலும் சேராமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அது ஏன் அப்படி தொங்குது?" என்று கேட்டார் கணவர்.

அவள் கையை மட்டும் நீட்டினாள். அவர் தரையில் தேடி ஸ்பேனர் ஒன்றை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார். தப்பான அளவு. அவள் திருப்பிக் கொடுத்தாள். அவர் அடுத்ததை எடுத்து வைத்தார். வெளிச்சம் மட்டும் அந்தப் பட்டையை விட்டு அசையவில்லை.