பின்வரிசையில் இருந்த விடை

1997இல் ரஞ்சனாவும் மணிவேலும் கொல்கத்தாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒன்றாக ஆராய்ச்சி செய்தார்கள். மெசான் என்ற நுண்துகளுக்குள் குவார்க் என்ற அடிப்படைத் துகள் ஒன்றும் ஓர் எதிர்க்குவார்க்கும் இருக்கும் என்பது பாடப்புத்தகம். நான்கு சேர்ந்தும் மெசான் உருவாகலாம் என்று கணக்குப் போட்டவள் ரஞ்சனா. ஹவுரா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அந்த வருடமே மணிவேலைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

அடுத்த வருடம் மகள் பிறந்தாள். குழந்தைக்கு ஓயாத மூச்சிரைப்பு.

"ஒரு வருஷம் நீ வீட்ல இரு. அப்புறம் நான் பார்த்துக்கறேன்" என்றான் மணிவேல்.

அந்த ஒரு வருடம் முடியவே இல்லை. அவனுக்கு அதே நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அவள் கரியாஹாட் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சரானாள்.

2003இல் ஜப்பானில் ஒரு விசித்திரத் துகள் அகப்பட்டது. இரண்டு குவார்க் கணக்குக்குள் அது அடங்கவில்லை. மணிவேல் அவளுடைய பழைய நோட்டைக் கேட்டான். சந்தோஷமாகத்தான் கொடுத்தாள். நான்கு மாதத்தில் கட்டுரை வந்தது. மேலே ஒரே ஒரு பெயர். கடைசியில், பொறுமை காத்த மனைவிக்கு நன்றி.

"என் பேரு எங்க?"

"நீ ஃபீல்டுலயே இல்லையே ரஞ்சனா. பொண்டாட்டி பேரைப் போட்டா ப்ரமோஷன் கமிட்டில சிரிப்பாங்க."

"கணக்கு என்னோடது."

"நம்மோடதுன்னு சொல்லு."

நிறுவனத்தில் அவன் கட்டுரையைப் பற்றிப் பேசிய அன்று, அவளும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். பேச்சு முடிந்ததும் ஒரு மூத்த பேராசிரியர் எழுந்தார். நான்கும் ஒரே கட்டாக இருந்தால் துகள் இன்னும் வேகமாகச் சிதைய வேண்டுமே, ஏன் சிதையவில்லை என்று கேட்டார்.

மணிவேல் சாக்பீஸோடு நின்றான். பிறகு பின்வரிசையைப் பார்த்தான்.

விடை அவளுக்குத் தெரியும். நான்கும் ஒரே கட்டு அல்ல. இரண்டிரண்டாகச் சேர்ந்த இரு மெசான்கள், ஒன்றையொன்று லேசாகப் பற்றிக்கொண்டு தள்ளி நிற்கின்றன. மகள் தூங்கிய பிறகு, வேறொரு நோட்டில் தனியாகப் போட்டுப் பார்த்தது அது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். மணிவேல் ஏதோ முனகிவிட்டு உட்கார்ந்தான்.

வீட்டுக்குத் திரும்பும் மெட்ரோவில் கேட்டான்: "உனக்குத் தெரியும்தானே? வாயைத் திறந்திருக்கலாமே."

"நான்தான் ஃபீல்டுல இல்லையே."

அதற்குப் பிறகு வீட்டில் மகளைப் பற்றி மட்டும்தான் பேச்சு. ரஞ்சனா பள்ளி முடிந்து வந்து தன் கட்டுரையை எழுத ஆரம்பித்தாள். ஆறு வருட இடைவெளி. பல இடங்களில் கை தடுமாறியது. மூன்று மாதத்தில் முடித்தாள்.

அனுப்பப்போகிறேன் என்று அவள் சொன்ன காலையில், மணிவேல் பையிலிருந்து சில தாள்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். வெளிநாட்டுக் குழு ஒன்றின் கட்டுரை. மூன்று வாரங்களுக்கு முன் வெளியானது. ஓரங்களில் அவன் கையெழுத்தில் குறிப்புகள்.

"இது வந்த அன்னிக்கே படிச்சிட்டீங்களா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

ரஞ்சனா நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தாள். அவள் கண்ட அதே விடை. ஓர் இடத்தில் அவளைவிட அழகாகச் செய்திருந்தார்கள்.