வேலுமணியின் முறை

நினைவஞ்சலிக் கூட்டம் மூன்று மணிக்கு என்று போட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றவே மூன்று ஐம்பது ஆகிவிட்டது. அமெரிக்காவில், இந்த ரவுண்ட் ராக் ஊரில் நாற்பது பேர் கூடினாலும் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை இல்லாமல் தமிழ்ச் சங்கத்துக்குப் பொழுது விடியாது. இறந்துபோனவரோ ராய் டெல்மர் என்கிற வெள்ளைக்காரர், பேஞ்சோ வாசிப்பவர். அவர் படத்துக்குச் சந்தன மாலை போட்டு நெற்றியில் குங்குமமும் வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி லொரெட்டா தோளில் ஜரிகைப் பொன்னாடையும் மடியில் சமோசாத் தட்டுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மேடை ஓரத்தில் மாண்டலினோடு நின்றிருந்த வேலுமணி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கோபிச்செட்டிபாளையத்துக்காரன், நாற்பத்தெட்டு வயது, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பதினோரு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் டெல்மர் வீட்டு கராஜில் ப்ளூகிராஸ் வாசித்தவன். பேஞ்சோவும் பிடிலும் மாண்டலினும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகிற அமெரிக்க மலைநாட்டுச் சங்கீதம் அது.

அதற்கு ஒரு முறை உண்டு. வட்டமாக நின்று வாசிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு சுற்று வரும். வேண்டாமென்றால் தலையை ஆட்டினால் போதும், அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். வேலுமணி பதினோரு வருஷமும் தலையை ஆட்டியே காலத்தை ஓட்டினான். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால் தேனாக வரும். நாலு பேர் பார்த்தால் விரல் கட்டையாகிவிடும். டெல்மரும் சலிக்காமல் ஒவ்வொரு வாரமும் அவனைப் பார்த்து, "டேக் இட், மணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தான் கட்டிய பாட்டில் மாண்டலினுக்கென்று ஒரு சுற்று ஒதுக்கி வைத்திருப்பதாகவும், அதை லொரெட்டாவின் காதில் அவன்தான் போட வேண்டும் என்றும் சொன்னார். வேலுமணி கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தான். லொரெட்டா நாளைக் காலையில் வீட்டைக் காலி செய்துகொண்டு கென்டக்கியில் இருக்கும் மகளிடம் போகிறார். இன்றைக்கு விட்டால் விட்டதுதான். ஹாலையோ ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

சங்கத் தலைவர் திருமூர்த்தி மைக்கை விடுவதாக இல்லை. டெல்மரை 'கிதார் மேதை' என்றார், ஒரு தடவை அல்ல, நாலு தடவை. ஊரில் ஏழெட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் இன்று வீடியோ கேமை வைத்துவிட்டு பேஞ்சோவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்றால் அது இந்த மனிதரால். பொங்கல் விழாவில் நம் கும்மிப் பாட்டுக்கு அவர் பேஞ்சோ வாசித்து, பெண்கள் தாளம் தப்பாமல் ஆடியிருக்கிறார்கள். அதில் ஒரு வரிகூடப் பேச்சில் இல்லை. ஸ்பான்சர்கள் பெயர் மட்டும் ஒன்று விடாமல் வந்தது.

"ஏனுங்க, மூஞ்சிய கொஞ்சம் நல்லா வெச்சுக்கங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி கலாவதி.

"நாலே முக்கா ஆச்சு கலா. இந்தாளு கரண்ட் போனாத்தான் நிறுத்துவாரு போல."

நாலு ஐம்பத்திரண்டுக்குத் திருமூர்த்தி நன்றியுரைக் காகிதத்தைப் பிரித்தார். மூன்று பக்கம். வேலுமணிக்குத் தலைக்கு ஏறிவிட்டது. விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடுங்கினான்.

"போதும், நிறுத்துங்க தலைவரே! அந்த மனுசன் என்ன வாசிச்சாருன்னே உங்களுக்குத் தெரியாது. கிதாராமா, கிதாரு!"

திருமூர்த்தியின் முகம் சுருங்கியது.

"நாலு நாள் லீவு போட்டு அலைஞ்சேன், மணி. நம்ம வழக்கப்படி அவருக்கு ஒரு மரியாதை பண்ணணும்னு நெனச்சேன். அது தப்பா?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டுக் காகிதத்தை மடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

டெல்மரின் பழைய கூட்டாளிகள் மூன்று பேர் மேடையேறினார்கள். வேலுமணியோடு நாலு பேராக வட்டம் கட்டி, டெல்மரின் பாட்டை எடுத்தார்கள். பிடில் ஒரு சுற்று, கிதார் ஒரு சுற்று. அடுத்தது மாண்டலின். பிடில்காரக் கிழவி அவன் பக்கம் திரும்பி, "டேக் இட், மணி" என்றார். லொரெட்டா சமோசாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வேலுமணியின் தலை ஆடிவிட்டது.

அவன் நினைத்து ஆட்டவில்லை. சுற்றின் முதல் சுரம் விரல் நுனியில் தயாராக இருக்கும்போதே, பதினோரு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. பிடில்காரி வழக்கப்படி ஒன்றும் கேட்காமல் அந்தச் சுற்றையும் தானே வாசித்தார். லொரெட்டா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து தட்டை எடுத்துக்கொண்டார். பாட்டு முடிந்தது, கைதட்டினார்கள், வாசலில் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து நின்றான்.

எல்லாரும் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள். மாண்டலினைப் பெட்டியில் வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றவன் பக்கத்தில் திருமூர்த்தி வந்தார். கோபமெல்லாம் போயிருந்தது; கண் கலங்கியிருந்தது.

"நீ சத்தம் போட்டது சரிதான் மணி. இதைக் கேக்காம அனுப்பியிருந்தா அந்தம்மாவுக்குத் துரோகம் பண்ணியிருப்பேன். கலக்கிட்டேப்பா!" என்று முதுகில் தட்டினார்.

மாண்டலின் சுற்று தவறிப்போனதே அவருக்குத் தெரியவில்லை என்று புரிந்தது; வேலுமணி மாண்டலினைப் பெட்டியில் வைத்து மூடினான். "தேங்க்ஸுங்க" என்றான்.